கொலுப் படியில் ஒரு முளைப்புச் சோதனை

டெல்டாவில் இப்போது பல வீடுகளில் இதுதான் வழக்கம். மகன் சென்னையில் வேலை பார்க்கிறார். குறுவை அறுத்து, சம்பா நடவும் முடிந்த பிறகு தாத்தாவும் அப்பாயியும் ஒன்றிரண்டு மாதம் அங்கே போய் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளோடு இருப்பது சந்தோஷம்தான். ஆனால் காலை எட்டரை மணிக்கு மேல் வீட்டில் ஆள் இருக்காது. எதிர்வீட்டுக் கதவு சாத்தியே கிடக்கும். நாள் முழுக்கப் பேசுவதற்கு டிவியைத் தவிர எதுவும் இல்லை. "கோயில் திருவிழாவுக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டு மூன்றாவது வாரமே ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள்.

திருத்துறைப்பூண்டி பக்கம் நாலு ஏக்கர் நிலம் வைத்திருக்கும் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் சென்ற புரட்டாசியில் பாலவாக்கம் போனபோது, அவர்களும் அப்படித்தான் கிளம்பி வந்துவிடுவார்கள் என்று ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். தீபாவளி முடிந்துதான் திரும்பினார்கள். அதற்குள் ஊரில் இருக்கும் தம்பிக்கு ஒரு நல்ல காரியமும் செய்திருந்தார்கள்.

பாலவாக்கம் திருவான்மியூருக்குத் தெற்கே, கொட்டிவாக்கத்துக்கும் நீலாங்கரைக்கும் நடுவில் இருக்கிறது. 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேரும் வரை தனி ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையின் கிழக்கே நடந்தால் மீனவர் குப்பம், அதைத் தாண்டினால் கடல். மண் முழுக்க மணல். வண்டலில் கால் வைத்துப் பழகியவருக்கு அதைக் கையில் அள்ளினால் மனசு ஒட்டாது. பெரியவரும் முதல் நாளே, "இதுல என்னத்த விளையும்?" என்று கேட்டுவிட்டார்.

அந்த அடுக்ககத்தில் இருபத்துச் சொச்சம் வீடுகள். நவராத்திரிக்குச் சங்கத்தின் சார்பில் கீழ்த்தளத்தில் பொதுக்கொலு வைப்பார்கள். படிகளுக்கு முன்னால் பிள்ளைகள் ‘பார்க்’ அமைப்பார்கள். மணலைக் கொட்டி, கேழ்வரகும் கடுகும் வெந்தயமும் தூவித் தண்ணீர் தெளித்தால் மூன்று நான்கு நாளில் பச்சை கட்டிவிடும். அதில் பொம்மைக் கார், பொம்மை மாடு எல்லாம் நிற்கும். கடைசிப் படியில் நவதானியம்: நெல், கோதுமை, துவரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, எள், உளுந்து, கொள்ளு.

அப்பாயி இதைப் பார்த்ததும், "முளைப்பாரி மாதிரில்ல இருக்கு!" என்றார். அம்மன் கோயிலுக்குப் பெண்கள் சட்டியில் முளைக்க வைத்துத் தலையில் சுமந்துபோகும் முளைப்பாரியைப் பற்றி அங்கிருந்த பிள்ளைகள் கேள்விப்பட்டதே இல்லை. சட்டியை வெளிச்சம் படாமல் வைப்பதால் பயிர் மஞ்சளாக நீண்டு வளரும் என்றும், அதை நடுவில் வைத்துக் கும்மி கொட்டுவார்கள் என்றும் அவர் சொல்லச் சொல்ல, மாலையில் ஒரு சின்னக் கூட்டமே சேர்ந்தது. மூன்றாம் நாள் கும்மியும் நடந்தது. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள் சுடிதாரோடு சுற்றி வந்து கை தட்டினார்கள். தாளம் சரியில்லை என்று அப்பாயி இரண்டு தடவை நிறுத்தினார்.

முளைப்பாரியைச் சாமி காரியமாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. எந்த வீட்டு விதை நன்றாக முளைத்தது, எது சொதப்பியது என்று ஊரே ஒரே இடத்தில் பார்த்துவிடும். விதைப் பரிசோதனை நிலையம் இல்லாத காலத்தில் இதைவிடச் சுலபமான ஏற்பாடு கிடைத்திருக்காது.

பெரியவருக்கும் இங்கேதான் ஒரு யோசனை வந்தது. நெல் தரிசில் விதைப்பதற்காகத் தம்பி எடுத்து வைத்திருந்த ஆடுதுறை 3 உளுந்தில் ஒரு படி, இட்லிக்கு ஆகட்டும் என்று மூட்டையோடு வந்திருந்தது. அதில் நூறு விதையை எண்ணி எடுத்துப் பேத்தியிடம் கொடுத்தார். நல்லதாகப் பொறுக்காமல் கைக்கு வந்ததை எடுக்க வேண்டும், இல்லையென்றால் சோதனைக்கு அர்த்தமில்லை. ஈரச் சாக்கை விரித்து, வரிசைக்குப் பத்து வீதம் பத்து வரிசை அடுக்கி, பாய் மாதிரி சுருட்டி, நூலால் கட்டிக் கொலுப் படிக்குப் பின்னால் நிழலில் வைத்தார்கள். தினமும் தண்ணீர் தெளிக்கும் வேலை பிள்ளைகளுக்கு. சாக்கு ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது.

நடுவில் ஒரு சம்பவம். ‘பார்க்’குக்குப் போட ஒருவர் ரோஸ் நிறத்தில் மக்காச்சோள விதை வாங்கி வந்திருந்தார். பார்க்க அழகாக இருக்கிறது என்று ஒரு சிறுவன் வாயில் போடப் போனான். பெரியவர் போட்ட சத்தத்தில் கீழ்த்தளமே திரும்பிப் பார்த்தது. சிவப்பு, ரோஸ், பச்சை, நீலம் என்று சாயம் ஏறிய விதை எல்லாம் பூஞ்சாணக் கொல்லி கலந்தது. கழுவினாலும் சாப்பாட்டுக்கு ஆகாது, கோழிக்கும் மாட்டுக்கும் ஆகாது. கொலுவுக்கு மளிகைக் கடைத் தானியமே போதும். உடைத்த பருப்பும் தோல் நீக்கிய எள்ளும் முளைக்காது, முழுசாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். கிராமத்து வீடுகளிலும் மிச்ச விதைப் பாக்கெட் அரிசி டப்பா பக்கத்தில் கிடப்பதைப் பார்க்கலாம். அதை இன்றே இடம் மாற்றுங்கள்.

சுண்டல் வாங்க வருகிறவர்கள் தினமும் சாக்கைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார்கள். வாட்ச்மேன், இஸ்திரி போடுகிறவர், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாவும் வந்தார். புரட்டாசியில் பாதிப் பேர் கவுச்சி சாப்பிட மாட்டார்கள், அவருக்கு யாவாரம் மந்தம். "உங்களுக்கு மழை வந்தா விதைப்பு, எங்களுக்குக் காத்து ஏறினா கட்டுமரம் கரையில, ஐயா" என்று அவர் சொன்னதும் பெரியவருக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது. அதன் பிறகு காலையில் கடற்கரைக்கு நடக்கப் போகும்போதெல்லாம், "என்னம்மா, இன்னைக்குக் காத்து எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவார்.

ஏழாம் நாள் சாக்கைப் பிரித்தார்கள். எண்ணியது பிள்ளைகள், கணக்கு எழுதியது பேத்தி. வேரும் தண்டும் ஒழுங்காக வந்த நாற்று 61. ஊறாமல் கல்லாக நின்றது 5. வேர் இல்லாமலோ கோணியோ வந்தது 14. அழுகியது 20. உளுந்தில் கல்விதையையும் முளைப்புத் திறனில் சேர்த்துக்கொள்வது வழக்கம். ஆக 66. சான்று விதைக்கு உளுந்தில் குறைந்தது 75 சதவீதம் வேண்டும் (நெல்லுக்கு 80).

ஒன்பது புள்ளிதானே என்று விட்டுவிட முடியாது. நெல் தரிசு உளுந்தைத் தை மாதத்தில், சம்பா அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்னால், நிற்கும் பயிருக்குள் தெளிக்கிறோம். உழவு கிடையாது, பாத்தி கிடையாது, பிறகு இடைவெளி நிரப்பவும் வழியில்லை. சதுர மீட்டருக்கு 33 செடி நின்றால்தான் மகசூல். அந்த எண்ணிக்கை விதைக்கும் அன்றே முடிவாகிவிடுகிறது. ஏக்கருக்கு 10 கிலோ என்பது நல்ல விதைக்கான அளவு. 66 சதவீத விதையில் அதே எண்ணிக்கை வேண்டுமென்றால் பதினொன்றரை கிலோ போட வேண்டும். அப்போதும், தை வருவதற்குள் இந்த விதை இன்னும் இறங்கும்.

அன்று ராத்திரியே பேத்தி சின்னத் தாத்தாவுக்கு போன் போட்டு, "அறுபத்தாறுதான் தாத்தா, ஃபெயில்" என்றாள். மூட்டையைப் பிரித்துப் பார்த்தபோது பயறு வண்டு துளைத்திருந்தது தெரிந்தது. சரியாகக் காயாமல் கட்டியதுதான் காரணம். அறுவடையானதும் பத்து சதவீத ஈரத்துக்குக் கீழே காயவைத்து, 100 கிலோ விதைக்கு 1 கிலோ செயலூட்டப்பட்ட களிமண் கலந்து வைத்திருந்தால் வண்டு அண்டியிருக்காது. மூட்டையைச் சலித்துப் பருப்புக்கு ஒதுக்கிவிட்டு, வேளாண் விரிவாக்க மையத்தில் சான்று விதைக்குச் சொல்லி வைத்தார் தம்பி. புரட்டாசியிலேயே தெரிந்ததால் மூன்று மாத அவகாசம் இருந்தது. தை பிறந்த பிறகு தெரிந்திருந்தால் கிடைத்ததை வாங்கித் தெளித்திருப்பார்.

கொலு முடிந்ததும் முளைத்த பயிரைத் தொட்டிகளில் போட்டார்கள். ஐப்பசி மழை தொடங்கியபோது மாடியில் பன்னிரண்டு தொட்டியில் கீரை இருந்தது. தண்ணீர் ஊற்றும் முறை எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று லிப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்தது. பெரியவர்தான் மேற்பார்வை. மழையில் நனைந்துகொண்டே மாடியில் நிற்கிறார் என்று மருமகள் சத்தம் போட்டதும் உண்டு.

வாசகர் கேள்விகள்

*சென்னையில் மகன் வீட்டு மொட்டைமாடியில் தொட்டி வைத்தால் தளம் ஒழுகும் என்கிறார்கள். ஆழ்துளைத் தண்ணீரும் உப்பு. என்ன செய்யலாம்?*

தொட்டியைத் தளத்தில் நேராக வைக்காமல் செங்கல் அல்லது இரும்பு ஸ்டாண்ட் மேல் வைத்தால் தண்ணீர் தேங்காது. மழைநீர்க் குழாய் வாயை இலை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் மண் நிரப்பினால் கனம் அதிகம், தென்னை நார்க்கழிவும் மட்கிய உரமும் கலந்து நிரப்புங்கள். பாரத்தைச் சுவர், தூண் ஓரமாகவே வையுங்கள். உப்புத் தண்ணீரை பாலக், பீட்ரூட் ஓரளவு தாங்கும், பீன்ஸ் தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழைநீரைப் பிடித்து ஊற்றினால் தொட்டியில் ஏறிய உப்பும் கரைந்து இறங்கும். புயல் அறிவிப்பு வந்தால் முதல் வேலையாகத் தொட்டிகளைக் கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே இறக்கிவிட வேண்டும்.

*ஆயுத பூஜைக்குச் சாம்பல் பூசணி நல்ல விலை போகிறது. எப்போது விதைக்கலாம்?*

ரகத்தைப் பொறுத்து 120 முதல் 140 நாள் ஆகும். வைகாசியில் விதைத்தால் புரட்டாசிக்குக் காய் முற்றிச் சாம்பல் படிந்திருக்கும். முற்றிய காயைக் காம்போடு அறுத்து, காற்றோட்டமான நிழலில் வைத்தால் இரண்டு மாதம் தாங்கும், அதனால் விலை பார்த்து விற்கலாம். நம் வீட்டுப் பூசணியை நடுரோட்டில் உடைக்காமல் ஓரமாக உடைத்து, துண்டுகளை உடனே அள்ளி உரக்குழியில் போட்டுவிடுங்கள். பைக்கில் வருகிறவர் வழுக்கி விழுந்துவிடுவார்.