எலுமிச்சம்பழம் வைக்கிறதுக்கு முன்னாடி டயரைத் தொட்டுப் பாருங்க

இது கோயில் அறிவிப்பு இல்ல, என் சொந்தக் கருத்து. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க. வீட்டுல காடி ஓட்டுற பிள்ளைங்க இருந்தா அவங்களுக்கும் அனுப்பி விடுங்க.

காடி பூஜைக்கு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கிற வேலை பல வருசமா என்னுதுதான். ஐயர் ஆரத்தி காட்டுவார், மத்தவங்க கும்பிடுவாங்க, நான் தரையில குனிஞ்சு இருப்பேன். அதனால மத்தவங்க கண்ணுல படாதது என் கண்ணுல படும்.

போன தைப்பூசத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒரு தம்பி புது ரிம் போட்ட மைவியைக் கொண்டு வந்தான். நல்ல பிள்ளை, அன்னதானத்துக்கு அரிசி மூட்டை தூக்குறதுல முதல் ஆள். பின் சக்கரத்துக்குப் பழம் வைக்கும்போது டயரோட தோள் பக்கம் என் கை பட்டுச்சு. சுத்தி வர ஒரு பள்ளம். ஒரு இடத்துல உள்ளே இருக்கிற நூல் வெளியே தெரியுது. ஃபெண்டர் உதடு அறுத்த தடம். அந்தக் காடியிலதான் அம்மா, பாட்டி, தங்கச்சி ரெண்டு பேர் எல்லாரையும் ஏத்திக்கிட்டு மலாக்காவுல இருந்து பத்துமலைக்குப் போகப் போறான்.

"தம்பி, இது உரசுது"ன்னு சொன்னேன். "இல்ல அங்கிள், ரிம் போட்டதும் ஓட்டிப் பார்த்தேன், சத்தமே வரல"ன்னான். தனியா ஓட்டிப் பார்த்திருக்கான். அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. ஒருத்தர் உட்கார்ந்தா உரசாது. பின்னால மூணு பேர் உட்கார்ந்து, பூட்ல தேங்காயும் அரிசியும் ஏத்தி, ஏஎம்ஜே சாலையில ஒரு மேட்டுல ஏறி இறங்கும்போதுதான் உரசும். ஜாசின் பக்கம் தோட்டத்துக் குழிச் சாலையில விட்டா கேட்கவே வேணாம்.

ரிம் மாத்துறது தப்புன்னு நான் சொல்ல வரல. எனக்கும் அந்த வயசுல ஆசை இருந்துச்சு, காசுதான் இல்ல. ஆனா பிள்ளைங்க ரிம் வாங்கும்போது அங்குலம் பார்க்கிறாங்க, கலர் பார்க்கிறாங்க, நட் ஓட்டை சேருதான்னு பார்க்கிறாங்க. ஆஃப்செட் பார்க்கிறது இல்ல.

அது பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. ரிம்மோட அகலத்துக்கு நட்ட நடுவுல ஒரு கோடு இருக்குறதா நினைச்சுக்குங்க. ஹப்ல போய் ஒட்டுற முகம் அந்தக் கோட்டுல இருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கோ அதுதான் ஆஃப்செட். முகம் வெளிப்பக்கம் தள்ளி இருந்தா பிளஸ். பிளஸ் எண் கூடக்கூட சக்கரம் உள்ளே போகும், குறையக் குறைய வெளியே நீட்டும். ரிம்மோட உள்பக்கம் பாருங்க, அகலமும் இந்த எண்ணும் பெரும்பாலும் அச்சடிச்சிருக்கும்.

நான் எஸ்பிஎம் வரைக்கும்தான் படிச்சவன், ஆனா இந்தக் கணக்கு போட்டுப் பார்த்துட்டேன். 6 அங்குல அகலம், பிளஸ் 45 உள்ள ரிம்மைக் கழட்டிட்டு, 7 அங்குலம், பிளஸ் 30 உள்ளதைப் போட்டா, வெளி விளிம்பு கிட்டத்தட்ட 28 மில்லிமீட்டர் வெளியே வரும். ஒரு அங்குலத்துக்கும் மேல! ஃபெண்டருக்குள்ள அவ்வளவு இடம் எங்க இருக்கு? இதுக்கு மேல ஸ்பிரிங்கை வேற வெட்டி இறக்கிடுறாங்க.

சரி, வாங்கியாச்சு, உரசுது. அடுத்து என்ன செய்றாங்க? சிலர் ஸ்பேசர் போடுறாங்க. ஐயா, ஸ்பேசர் சக்கரத்தை இன்னும் வெளியே தள்ளும். உள்பக்கம் அப்சோபர்ல இடிக்கிற ரிம்முக்குத்தான் அது மருந்து, அதுவும் ஸ்டட் நீளம் பத்தணும். சிலர் கிரைண்டரை வச்சு ஃபெண்டர் உதட்டை அறுத்து எடுத்துடுறாங்க. பின் ஃபெண்டர்ல வெளித் தகடும் உள் தகடும் ஸ்பாட் வெல்டிங்ல சேர்ற இடமே அந்த உதடுதான். அறுத்தா தண்ணி இறங்கும், துரு பிடிக்கும், மிச்சம் இருக்கிற முனை கத்தி மாதிரி டயரை வெட்டும்.

மூணாவது வழிதான் என்னைத் தேடி வருது. நான் ஃபேக்டரியில லேத் பிரிவுல சூப்பர்வைசர்னு எல்லாருக்கும் தெரியும். "அங்கிள், ரிம்மோட பின்முகத்துல ஒரு அஞ்சு மில்லி எடுத்துக் குடுங்க, உள்ளே போயிடும்." கணக்குப்படி சரிதான். பிளஸ் 30 பிளஸ் 35 ஆயிடும்.

மறைக்காம சொல்றேன், ரொம்ப வருசத்துக்கு முன்னாடி ஒரு தடவை நான் செஞ்சு குடுத்திருக்கேன். பக்கத்து வீட்டுப் பையன், பாசம். லேத்ல கட்டி, டயல் கேஜ் வச்சுப் பார்த்து, கண்ணாடி மாதிரி முகம் எடுத்தேன். பெருமையா இருந்துச்சு. சக்கரம் மாட்டி டார்க் ஸ்பேனர் போட்டோம், "டிக்"னு சொல்லுச்சு, அனுப்பிட்டேன். ரெண்டு நாள்ல அலோர் காஜாவுல இருந்து வரும்போது ஸ்டியரிங் தடதடன்னு ஆடியிருக்கு. ஓரமா நிறுத்திப் பார்த்தா நட் எல்லாம் கையாலயே சுத்துது. குலதெய்வம்தான் காப்பாத்துச்சு, யாருக்கும் ஒண்ணும் ஆகல.

ஏன் கழண்டுச்சு? அஞ்சு மில்லி உலோகத்தை நான் எடுத்ததால ஸ்டட் நட்டுக்குள்ள அஞ்சு மில்லி கூடுதலா போச்சு. அவன் போட்டிருந்தது மூடி வச்ச நட். ஸ்டட் முனை மூடியில போய் முட்டிடுச்சு. ஸ்பேனருக்கு இறுக்கமா தெரிஞ்சது அந்த முட்டல்தான், ரிம்மை நட் பிடிக்கவே இல்ல. இருபது வருசம் மிஷின் பக்கத்துல நின்னவனுக்கு அன்னைக்கு இது தோணல. திறந்த நட் போட்டிருந்தா தப்பிச்சிருக்கலாம்னு ஒரு மெக்கானிக் சொன்னார். இருக்கலாம். ஆனா நட் உட்கார்ற இடத்துல மிச்சம் எத்தனை மில்லி இருக்கு, அது எத்தனை நாள் தாங்கும், நடு ஓட்டையில ஹப்ல உட்கார்ற படி போயிடுச்சா, காலிப்பர்ல கம்பி இடிக்குமா, இதெல்லாம் அந்த ரிம்மை வார்த்தவனுக்குத்தான் தெரியும். கடைஞ்சு எடுக்கிறதுக்குன்னே முகத்தைத் தடிப்பா விட்டு வர்ற ரிம்மும் இருக்கு, அது வேற கதை. ஹாஃப்கட் கடையில வாங்கின பழைய ரிம்மும், காப்பி ரிம்மும் அப்படி இல்ல.

காப்பின்னதும் ஞாபகம் வருது. பையன்க உயிரை விடுற டிஇ37 ரிம் 1996ல ஜப்பான்ல வந்தது. 15 அங்குலம், 6 அங்குல அகலத்துல ஒரு ரிம் 3.7 கிலோ, பேர்ல இருக்கிற 37 அதுதான். நம்ம பிள்ளைங்க காடியில இருக்கிறதைத் தராசுல வச்சுப் பாருங்க, சிரிப்பு வரும்.

அதனால என் கருத்து இதுதான். பத்து மில்லிக்கு மேல வெளியே நிக்கிற ரிம்முக்கு வைத்தியம் பார்க்காதீங்க. வித்துட்டு சரியான எண்ணுல வேற வாங்குங்க. நூறு, இருநூறு வெள்ளி நட்டம் வரட்டும், ஒரு நல்ல டயர் விலைகூட இல்ல. ஓரம் மட்டும் லேசா உரசினா, ஒரு சைஸ் சின்ன டயர் போட்டுப் பாருங்க, இல்லாட்டி தெரிஞ்ச பட்டறையில உதட்டைச் சூடு காட்டி உள்பக்கமா மடிக்கச் சொல்லுங்க. அறுக்க வேணாம். ஸ்பிரிங்கை ஒரிஜினலுக்குக் கொண்டு போனாலே பாதிப் பிரச்சினை போயிடும், ஆனா இதைச் சொன்னா ஒருத்தனும் முகம் குடுத்துப் பேச மாட்டான்! டயர் பாடியை விட்டு வெளியே நீட்டினா ஜேபிஜே சம்மன் குடுப்பாங்கிறதும் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

சிலர் கேட்பீங்க, கோயில் தொண்டனுக்கு ரிம்மைப் பத்தி என்ன பேச்சுன்னு. மாசி மகத்துக்கு செங் சன்னாசிமலைக்கு எத்தனை காடி வருது! ஒவ்வொண்ணுலயும் வயசானவங்க, கைப்பிள்ளைங்க. பார்க்கிங்ல நின்னு கை காட்டுற எனக்கு, ரப்பர் கருகுற வாடை அடிக்கும்போது எந்தக் காடின்னு திரும்பிப் பார்க்காம இருக்க முடியல.

அந்தத் தம்பி அன்னைக்கு என்மேல கோபப்பட்டான். பூஜை நேரத்துல அபசகுனமா பேசுறேன்னு அவன் பாட்டி வேற சொல்லிட்டாங்க. ஆனா சாயங்காலம் போய் பழைய ரிம்மையும் டயரையும் மாட்டிக்கிட்டு வந்தான். மறுபடியும் நாலு பழம் வச்சேன், அதுக்குக் காசு வாங்கல.

இனிமே ஞாயிறு காலையில காடி பூஜைக்கு வர்றவங்க பதினைஞ்சு நிமிசம் முன்னாடி வாங்க. டார்ச்லைட்டோட நான் வாசல்லதான் இருப்பேன். பின் சீட்ல மூணு பேரை உட்கார வச்சு, டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல விரல் போகுதான்னு சேர்ந்தே பார்த்துடலாம். நம்ம தொண்டர் பையன்களே உட்காருவாங்க, கனத்துக்குப் பஞ்சமில்ல.