ஒரே வரிக்கு மூணு பிரதி!

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பஸ்ஸின் நெற்றியில் 'வெள்ளிமலை' என்று எழுதியிருக்கும். அதனால் கல்வராயன் மலையிலிருந்து ஊரே இறங்கி வந்துவிட்டதாக யாரும் நினைப்பதில்லை. போர்டு வேறு, ஊர் வேறு. பஸ் ஏறுகிற எல்லாருக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, சி மொழி படிக்கிற பி.காம். மக்களுக்கு மட்டும் தெரியாமல் போவது ஏன்? சொல்லித் தருகிற லட்சணம் அப்படி!

லேப் எக்சாமில் எல்லா புரோகிராமும் ஒரே ஃபைலில் முடிந்துவிடும். ரெக்கார்டில் கையெழுத்து, மார்க், கதை முடிந்தது. பில்லுக்கு ஒன்று, ஸ்டாக்குக்கு ஒன்று, ரிட்டர்னுக்கு ஒன்று என்று ஃபைலைப் பிரிக்கும்போதுதான் கூத்து ஆரம்பம். பொதுவான வரி விகிதத்தை மதிப்போடு ஹெட்டரில் எழுதி மூன்றிலும் இன்க்லூட் செய்வார்கள். மூன்று ஃபைலிலும் தனித்தனி வேரியபிள் பிறக்கும். 'மல்டிபிள் டெஃபனிஷன்' என்று லிங்கர் கத்தும். இன்க்லூட் கார்டு போட்டாலும் அடங்காது. அது ஒரே ஃபைலுக்குள் ஹெட்டர் இரண்டு முறை நுழைவதை மட்டும்தான் தடுக்கும்.

உடனே ஒரு மேதாவி வருவார். "முன்னாடி ஸ்டாடிக்னு போடு, எரர் போயிடும்." போகும்தான்! ஆளுக்கொரு பிரதி கிடைத்த பிறகு லிங்கர் ஏன் கத்தப் போகிறது? 2025 செப்டம்பர் 22 முதல் நெய்க்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. ஸ்டாக் ஃபைலில் இருக்கும் ஃபங்ஷன் 5 என்று மாற்றும். பில் ஃபைல் பழைய 12ஐயே அடித்துக்கொண்டிருக்கும். எரர் இல்லை, வார்னிங் இல்லை. தண்டம் அழுவது நெய் வாங்க வந்தவர்.

"பழைய கம்பைலர்ல ஓடுச்சே" என்று ஒரு புலம்பல் வேறு. மதிப்புக் கொடுக்காத வேரியபிள்களைப் பழைய ஜிசிசி சத்தமில்லாமல் ஒன்றாக்கிவிடும். 2020இல் வந்த ஜிசிசி 10 முதல் அதற்கும் எரர்தான். தப்பைக் காட்டுகிற கம்பைலரைத் திட்டுவானேன்?

வழி ரொம்ப எளிது. ஹெட்டரில் 'எக்ஸ்டர்ன்' என்று அறிவிப்பு மட்டும். அது போர்டு. மதிப்போடு வேரியபிள் ஏதாவது ஒரு ஃபைலில் மட்டும். அது ஊர். இன்னும் உருப்படியான வழி: அந்த ஒரு ஃபைலுக்குள்ளேயே ஸ்டாடிக் போட்டுப் பூட்டிவிட்டு, படிக்க ஒரு ஃபங்ஷன், மாற்ற ஒரு ஃபங்ஷன் மட்டும் வெளியே விடுவது. கோமுகி அணைத் தண்ணீர் பாசனத்துக்கெல்லாம் பொதுதான். அதற்காக மதகுச் சாவியை ஆளுக்கொன்றா கொடுக்கிறார்கள்?

லேப் எக்சாமில் இரண்டு ஃபைல் கொண்ட ஒரே ஒரு கேள்வி வந்தால் போதும். மேதாவிகள் தானாக ஓய்வு பெறுவார்கள் :-)