டாட்டூயினில் ஒரு டாக்டர்கூட இல்லையா?

"வேலையை விட்டுட்டு எங்கேயாவது ஒரு மூலையில நிலம் வாங்கி, விவசாயம் பண்ணிட்டு நிம்மதியா இருக்கணும்." டைம்லைனில் வாரம் ஒருத்தராவது இதை எழுதுறீங்க. சினிமாவில் மிகப் பிரபலமான ஒரு மூலை இருக்கு. அங்கே விவசாயிக்கு உடம்பு சரியில்லைன்னா என்ன நடக்குதுன்னு பார்க்கலாம். கொஞ்சம் நீளமான த்ரெட். ஸ்டார் வார்ஸ் பார்க்காதவங்களும் படிக்கலாம், தேவையான கதையைச் சொல்லிடுறேன்.

டாட்டூயின் கிரகம். இரண்டு சூரியன், கண்ணுக்கெட்டிய தூரம் மணல். அங்கே விவசாயம்னாலே முதலில் தண்ணீர்தான். காற்றில் இருக்கும் ஈரத்தை இயந்திரம் வைத்துப் பிடிச்சு எடுக்கணும். 1977இல் வந்த முதல் படத்தில் நாயகன் லூக், சித்தப்பா ஓவன் பண்ணையில்தான் வளர்கிறான். 'இன்னும் ஒரு சீசன் இருந்துட்டுப் போ' என்று ஓவன் அவனை நிறுத்தி வைக்கிறார். ஆள் பற்றாக்குறை. எந்த ஊர் விவசாயிக்கும் புரியற பிரச்சினை.

அந்தப் பண்ணைக் காட்சிகளை எடுத்தது துனிசியாவில். கிரகத்தின் பெயரே அங்குள்ள டட்டாவின் என்ற ஊர்ப்பெயரிலிருந்து வந்ததுதான். அவங்க குடியிருக்கும் பள்ளத்து வீடு செட் இல்லை. மட்மாட்டா என்ற ஊரில் வெயிலுக்குப் பயந்து மக்கள் நிலத்தைக் குடைந்து கட்டிய நிஜ வீடு. அந்தக் கிரகத்தில் நான் பார்த்த ஒரே பொது சுகாதார ஏற்பாடு அதுதான்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். 2002இல் வந்த 'அட்டாக் ஆஃப் த க்ளோன்ஸ்'. ஓவனின் அப்பா க்ளிக் லார்ஸ். அவர் மனைவி ஷ்மியைக் கொள்ளைக் கூட்டம் தூக்கிட்டுப் போயிடுது. மீட்கப் போனவங்க 30 பேர், திரும்பினது 4 பேர். க்ளிக்குக்கு ஒரு கால் போச்சு. ஷ்மியின் முதல் மகன் அனகின் தேடி வரும்போது அவர் மிதக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கார்.

அதே படத்தின் கடைசியில் அனகினுக்குச் சண்டையில் ஒரு கை போகுது. அடுத்து கல்யாணக் காட்சி. மணமகன் கையைப் பாருங்க, பளபளன்னு இயந்திரக் கை. விரல் மடங்குது.

ஒரே படம், ஒரே குடும்பம். போர்வீரனுக்குக் கை, விவசாயிக்கு நாற்காலி.

"டாக்டர், அவருக்குப் புண் ஆறலைன்னு அவரே சொல்றாரே" என்று ரிப்ளை வரும், தெரியும். சரிதான். நம்ம ஊரிலும் கால் எடுத்த பிறகு தையல் ஆறி, வீக்கம் வடிந்து, செயற்கைக் கால் பொருத்தப் பல வாரங்கள் ஆகும். ஆனா அந்த வாரங்கள்தான் முக்கியம். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தா இடுப்பு மூட்டு மடங்கின நிலையிலேயே இறுகிடும். அப்புறம் எவ்வளவு நல்ல கால் கொடுத்தாலும் நிமிர்ந்து நடப்பது கஷ்டம். அதனால்தான் தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்கச் சொல்றோம், வெட்டிய காலுக்கு அடியில் தலையணை வைக்காதீங்கன்னு திட்டுறோம். (உங்க வீட்டில் சர்க்கரை நோயால் கால் எடுத்தவங்க இருந்தா இதை மட்டுமாவது அவங்களுக்குக் காட்டுங்க.) க்ளிக்குக்கு இதைச் சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை.

"அது ரொம்ப தூரத்துக் கிரகம், வசதி எப்படி வரும்?" இதுதான் என்னைக் கோபப்படுத்தும் பதில். 1980 படத்தில் ஹோத் என்ற பனிக்கிரகம் வருது. ஊரே கிடையாது. புரட்சிப் படை ஒளிஞ்சிருக்கும் தற்காலிக முகாம் மட்டும்தான். அங்கே லூக் அடிபட்டதும் மருத்துவ ரோபோ வருது, ஆளைத் தொட்டியில் மிதக்கவிட்டுக் காயத்தை ஆற்றும் பாக்டா சிகிச்சை நடக்குது. போர் வந்தா பனிப்பாறைக்கு நடுவிலும் ஆஸ்பத்திரி முளைக்கும். தலைமுறையா உழைக்கிற பண்ணைக்கு மட்டும் தூரம் தடையா?

டாட்டூயினில் ஒரு ரத்தப் பரிசோதனையும் நடக்குது. 1999 படத்தில். சிறுவன் அனகினிடம் 'தொற்று இருக்கான்னு பார்க்கிறேன்' என்று சொல்லி ரத்தம் எடுக்கிறார் ஜெடாய் வீரர் குவை-கான். உண்மையில் பார்ப்பது அவன் படைக்குத் தேறுவானா என்பதை. பையன் தேறிட்டான், கூட்டிட்டுப் போயிட்டாங்க. அடிமையாக இருந்த அம்மா அங்கேயே. அவங்க ரத்தத்தை யாரும் பார்க்கலை.

ஓவன் மேலும் குறை சொல்லத் தோணும். பழைய ரோபோ வாங்கும்போது அவர் கேட்பது பண்ணை இயந்திரத்தோட பேசத் தெரியுமா என்பதை மட்டும். எனக்கு அது பழக்கமான கணக்கு. டிராக்டருக்குத் தவணை கட்டிட்டு, குடலிறக்க ஆபரேஷனை அறுவடைக்கு அப்புறம்னு தள்ளிப்போடுறவங்க எத்தனையோ பேர். இருக்கிற பணம் முதலில் நிலத்துக்குத்தான் போகும்.

நிஜத்தில் யாராவது விவசாயியை மனசில் வைத்துக் கால் செய்திருக்காங்களா? செய்திருக்காங்க. 1968இல் ஜெய்ப்பூரில். கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் சேர்ந்து ரப்பரில் உருவாக்கியது. அதுவரை இருந்த மேல்நாட்டுப் பாதத்துக்கு ஷூ வேணும், அதை மாட்டிக்கிட்டு குத்த வைக்க முடியாது, சேற்றில் இறங்க முடியாது. ஜெய்ப்பூர் கால் வெறுங்காலாக வயலில் இறங்கும், சம்மணம் போட விடும். விண்கலம் தேவைப்படலை. இவர் திரும்ப வயலுக்குப் போகணும்னு ஒரு கைவினைஞரும் ஒரு டாக்டரும் நினைச்சாங்க.

நிலம் பார்க்கப் போறவங்க தண்ணீர் எத்தனை அடியில்னு கேட்கிறீங்க. பாம்புக்கடிக்கு மருந்து வைத்திருக்கும் ஆஸ்பத்திரி ராத்திரி 2 மணிக்கு எத்தனை நிமிஷத்தில்னும் கேளுங்க. பதில் பிடிக்கலைன்னா நீங்க வாங்காமல் திரும்பிடலாம். பக்கத்து வயல்காரர் எங்கே போவார்? அவருக்காகவும் அந்தக் கேள்வியைக் கலெக்டர் ஆபீஸில் ஒரு மனுவாக எழுதிக் கொடுங்க.

பத்மே பிரசவத்தில் எப்படி இறந்தாங்கன்னு யாரும் கேட்காதீங்க. அதுக்குத் தனி த்ரெட் வேணும், இன்னைக்கு என் பி.பி. தாங்காது.