குருப் பெயர்ச்சியா? தொழிற் பயிற்சியா?

நமது நீடாமங்கலத்துக்குப் பக்கத்திலுள்ள ஆலங்குடியில் குருப் பெயர்ச்சி என்று ஒரு நாள் வருகிறது. அன்று சர்க்காருக்கு வருகிற சுறுசுறுப்பைப் பற்றி நேரில் பார்த்தவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விசேஷ பஸ்கள் ஓடுகின்றன. போலீசார் வரிசை கட்டி நிற்கிறார்கள். சுகாதாரத்தார் மருந்துப் பெட்டியோடு வருகிறார்கள். விளக்கு அணையக்கூடாது, தண்ணீர் குறையக்கூடாது என்று கட்டளை பறக்கிறது. இத்தனை இலாகாக்களும் ஒன்றுகூடிப் பாடுபடுவது எதற்காக? வியாழன் என்னும் கிரகம் சூரியனை ஒரு முறை சுற்றிவர ஏறக்குறைய 12 வருஷம் ஆகிறது, அதனால் அது வருஷத்துக்கு ஒரு ராசி நகர்ந்ததாகப் பஞ்சாங்கக்காரன் எழுதுகிறான், அதற்காக! அந்தக் கிரகத்துக்கு ஆலங்குடி என்று ஓர் ஊர் இருப்பதும் தெரியாது. அங்கே கொண்டைக்கடலை மாலை விற்பதும் தெரியாது.

ஜனங்கள் கூடுகிற இடத்தில் சர்க்கார் பாதுகாப்புக் கொடுப்பதை நாம் குறை கூறவில்லை. பெயர்ச்சிக்கு ஒன்றுகூடத் தெரிந்த இலாகாக்களுக்குப் பயிற்சிக்கு ஒன்றுகூட ஏன் தெரியவில்லை என்றுதான் கேட்கிறோம்.

எந்தப் பயிற்சி? புகையில்லாமல் மின்சாரம் எடுக்கிற தொழில், நிலத்தையும் நீரையும் கெடுக்காத தொழில் ஆகிய இவற்றைப் 'பசுமைத் தொழில்' என்று உலகமெங்கும் சொல்லுகிறார்கள். நமது டெல்டாவில் மீத்தேன் எடுக்க வந்தபோது ஜனங்கள் எதிர்த்து நின்றார்கள். 2020-ல் இப்பகுதி பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம் என்று சட்டமும் ஆயிற்று. சரி, மண் தப்பியது. மண்ணில் உழைத்தவன் தப்பினானா? அறுவடைக்கு மிஷின் வந்துவிட்டது. அரிவாள் பிடித்த கை சும்மா இருக்கிறது. அந்தக் கைக்கு வேறு வேலை கற்றுக் கொடுப்பது யார்?

கேட்டால் ஒரு பெரிய ஜாபிதாவே வாசிக்கிறார்கள். மத்திய சர்க்காரின் பசுமைப் பணித் திறன் கவுன்சில் 2015-ல் ஏற்பட்டது. 'சூரியமித்ரா' என்ற சூரிய மின்சாரப் பயிற்சியும் அதே வருஷம் வந்தது. நமது மாகாணத்தில் திறன் மேம்பாட்டுக் கழகம் இருக்கிறது. 2022-ல் 'நான் முதல்வன்' திட்டம் வந்தது. பசுமைக் காலநிலை நிறுவனம் இருக்கிறது. 2024-ல் பசுமை எரிசக்திக் கழகம் வந்தது. அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்கள் 71-ல் புது மிஷின்கள் இறக்கினார்கள். நீடாமங்கலத்திலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இவற்றில் ஒன்றையும் நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பத்தாவது படித்து நிற்கிற ஒரு குடியானத் தெருப் பையனோ, சேரிப் பெண்ணோ, இந்தக் கதவுகளில் எதைத் தட்டுவது? பயிற்சி கொடுக்கிறவனுக்கு மின்சாரக் காரர் எத்தனை பேரை எடுப்பார் என்பது தெரியாது. மின்சாரக் காரருக்கு யார் படித்து வந்தார்கள் என்பது தெரியாது. முடிவில் பையன் கையில் ஒரு சர்ட்டிபிகேட்; வீட்டில் அதே பட்டினி.

சூரியனைப் பல்லாயிரம் வருஷமாகக் கும்பிட்டார்கள். ஒரு விளக்கும் எரியவில்லை. அது தெய்வமல்ல, வெளிச்சமும் உஷ்ணமும் தருகிற ஒரு பொருள் என்று ஆராய்ந்த பிறகே இன்று கூரைமேல் பலகை வைத்துக் கரண்ட் எடுக்கிறோம். அந்தப் பலகை ராகு காலத்திலும் மின்சாரம் கொடுக்கிறது. ஆதிதிராவிடன் தொட்டாலும் கொடுக்கிறது. பலகைக்கு இருக்கிற அந்த யோக்கியதை மனிதனுக்கும் இருந்தால் நாம் இதோடு நிறுத்திக்கொள்வோம்.

ஆனால் பசுமைத் தொழில் என்ற பட்டியலில் சூரியனும் காற்றும் மட்டுமல்ல. குப்பையும் கழிவுநீரும் சேர்ந்தே இருக்கின்றன. இங்கேதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். 2013-ல் சட்டம் போட்டுத் தடுத்த பின்னும் மலக்குழியில் மனிதன் இறங்கிச் சாகிற தேசம் இது. மேல்ஜாதிப் பிள்ளைக்குக் காற்றாலையும் கம்ப்யூட்டரும், கீழ்ஜாதி என்று சொல்லப்படுகிறவன் பிள்ளைக்குக் குப்பைக்கூடையும் பலகை கழுவுகிற துணியும் என்று பிரித்துக் கொடுத்தால், அது பச்சை வர்ணம் பூசிய வருணாசிரமமேயன்றி வேறென்ன? 1953-ல் ஆச்சாரியார் கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்து 1954-ல் ஒழித்தோம். 2023-ல் வந்த விஸ்வகர்மாத் திட்டத்தைப் பரம்பரைத் தொழிலைக் கட்டாயமாக்குகிறதென்று நமது மாகாண சர்க்காரே 2024-ல் ஏற்க மறுத்தது. மறுத்தது சரி. அந்தப் புத்தி தன் சொந்தப் பயிற்சிக் கூடத்திலும் இருக்க வேண்டாமா?

"பயிற்சி எல்லோருக்கும் பொதுதானே" என்பார்கள். இதே நீடாமங்கலத்தில் 1937 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டில் சமபந்தி என்றார்கள். இலையும் பொது என்றார்கள். நம்பி உட்கார்ந்த ஆதிதிராவிடத் தோழர்களுக்குப் பிற்பாடு கிடைத்தது அடியும், மொட்டையும், சாணிப்பாலும்! 'விடுதலை' எழுதியிராவிட்டால் வெளியில் தெரிந்தும் இராது. ஆகையால் 'பொது' என்ற வார்த்தையை நீடாமங்கலத்தான் கேட்டால், 'யார் யார் உட்கார்ந்தார்கள், கணக்கைக் காட்டு' என்றுதான் கேட்பான்.

நாம் கேட்பது இவ்வளவே. தாலுகாவுக்கு ஒரே ஆபீஸ். எல்லா இலாகாப் பயிற்சிகளும் அந்த ஒரு கதவில். பாடம் தமிழில். படிக்கிற நாளைக்குக் கூலி, ஏனென்றால் கூலிக்காரன் வீட்டில் மூன்று மாதம் அடுப்பு சும்மா எரியாது. நீர் மறைய நீர் கட்டிச் சாகுபடி செய்யவும், பம்புசெட்டுக்குச் சூரிய மின்சாரம் பொருத்தவும் உள்ளூரிலேயே பழக்கம். எல்லாப் பிரிவுகளிலும் வகுப்புவாரி இடம், பெண்களுக்குச் சரிபாதி. குழியில் மிஷின் இறங்கட்டும், மனிதன் மிஷினை ஓட்டட்டும். எந்த ஜாதியார் எந்த வேலைக்குப் பழக்கப்பட்டார்கள், எத்தனை பேருக்கு உத்தியோகம் கிடைத்தது என்று வருஷந்தோறும் கணக்கு வெளியிட வேண்டும்.

தோழர்களே! அடுத்த பெயர்ச்சிக்கு விசேஷ பஸ் வரும்போது கலெக்டருக்கு ஒரு மனுப் போடுங்கள்: "கிரகம் தானாகவே நகர்ந்துகொள்ளும்; எங்கள் பிள்ளைகளை நகர்த்துவதற்கு எப்போது கூட்டம் போடுவீர்கள்?"