வாள் கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை

எங்கள் படிப்பு வட்டத்தில் ஒரு மாணவர் கேட்டார்: "அவங்க பேனர்ல எல்லாம் வாள் இருக்கு. நம்ம தலைவர்கள் கையிலயும் ஒரு வாள் வெச்சு அடிச்சா என்ன தோழர்?" 'ஆண்ட பரம்பரை' என்ற கூச்சலை நாள்தோறும் கேட்டு வளரும் பிள்ளைகளிடமிருந்து இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். அதைச் சிரித்துக் கடந்துவிட எங்களால் முடியவில்லை.

வாள்வீச்சு ஒரு கலை. அது பயிற்சியால் வருவது, பிறப்பால் வருவதல்ல. அதைச் சில சாதிகளின் தனிச்சொத்தாக்கியது வருண முறை. ஒடுக்கப்பட்டவர்கள் ஏன் கிளர்ந்தெழவில்லை என்ற கேள்விக்கு, ஆயுதமும் கல்வியும் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் பதில் சொன்னார். லாகூரில் பேசுவதற்காக அவர் எழுதிய உரை அது. அழைத்தவர்களே கூட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள்.

லாகூர் அன்றைய பஞ்சாபில் இருந்தது. வாளை எல்லோருக்கும் பொதுவாக்கிய வரலாறு அந்த மண்ணுக்குத்தான் உண்டு. 1699இல் குரு கோபிந்த் சிங் கால்சாவைத் தொடங்கியபோது, முதலில் தீட்சை பெற்ற ஐவரில் நாவிதரும் தண்ணீர் சுமப்பவரும் இருந்தார்கள். கிர்பான் என்னும் வாள், தீட்சை பெற்ற எல்லோருக்குமான அடையாளமானது. அதற்கு முன்பே, 1675இல் டெல்லியில் கொல்லப்பட்ட குரு தேக் பகதூரின் தலையை உயிரைப் பணயம் வைத்து அனந்தபூருக்குக் கொண்டுவந்தவர் பாய் ஜைத்தா. துப்புரவுத் தொழிலுக்குள் தள்ளப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் அவர். பின்னாளில் ஜீவன் சிங் என்ற பெயரில் போர்க்களத்தில் நின்று, அங்கேயே உயிர்விட்டார்.

சீக்கியர்களின் கட்கா கலையை இன்றும் ஆண்களும் பெண்களும் பயில்கிறார்கள். கற்பவர் கைக்கு முதலில் வாள் வருவதில்லை. காலடி வைக்கும் முறையைப் பழகி, கம்பும் கேடயமும் பிடித்துத் தேறிய பிறகே வாளைத் தொடுகிறார்கள்.

சரி, வாள் கிடைத்ததும் சாதி ஒழிந்ததா? 2011 கணக்கெடுப்பின்படி பஞ்சாப் மக்களில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர் தலித்துகள். நிலமோ பெரும்பாலும் ஜாட் சாதியினர் கையில். பல ஊர்களில் குருத்வாரா தனி, சுடுகாடும் தனி. ஊர்ப் பொதுநிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தலித்துகளுக்குக் குத்தகைக்கு விட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த ஏலத்தையும் பினாமிகளை நிறுத்தி எடுத்துக்கொள்கிறார்கள்.

அதனால்தான் சங்ரூர் வட்டாரத்துத் தலித்துகள் பழைய வீரத்தைப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 2014 முதல் அமைப்பாகத் திரண்டு, தடியடி வாங்கி, சிறை சென்று, தங்கள் பங்கு நிலத்தைக் கேட்கிறார்கள். சில ஊர்களில் அதைப் பெற்றுக் கூட்டாகப் பயிர் செய்கிறார்கள். தலித் பெண்கள் அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் நிற்கிறார்கள்.

தோழர்களே, சிலம்பம் கற்றுக்கொள்ளுங்கள். வாள்வீச்சும் கற்றுக்கொள்ளுங்கள், முக்கியமாகப் பெண்கள். நமக்கு மறுக்கப்பட்ட எந்தக் கலையையும் நாம் விட்டுத்தர வேண்டியதில்லை. ஆனால் 'நாங்களும் ஆண்டவர்கள்' என்று பேனர் அடிக்க வேண்டாம். ஆண்டவன், அடிமை என்ற கணக்கையே மறுப்பவர்கள் நாம். வாள் பிடித்த பேனரால் நம் பையன்கள் மீது வழக்குதான் வரும்.

பேனருக்கு வசூலிக்கும் பணத்தில் வேறொரு வேலை செய்யலாம். 1892 ஆணையின் வழியாக வந்த பஞ்சமி நிலம் உங்கள் ஊரில் எவ்வளவு, இன்று யார் கையில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பதில் வந்ததும் அடுத்த படிப்பு வட்டத்துக்கு எடுத்து வாருங்கள். அங்கிருந்து பேசுவோம்.

ஜெய்பீம்.