தண்ணி குடிச்சா ஸ்டாமினா போயிடுமாம்!

கத்திரி வெயிலில் மத்தியானம் மூணு மணிக்கு கிரிக்கெட் கோச்சிங். எந்தப் புண்ணியவான் போட்ட டைம் டேபிளோ! போன வாரம் பையனைக் கூப்பிடப் போனேன். மைதானத்தைச் சுற்றி பத்து ரவுண்டு ஓட்டம். நடுவில் ஒரு பொடியன் வாட்டர் பாட்டிலைத் தொட்டுட்டான். கோச் கத்தறார்: "ஓடறப்ப தண்ணி குடிச்சா வயித்தைப் பிடிக்கும், ஸ்டாமினா வராது!"

சார், முப்பது வருஷம் முன்னாடி எங்க டிரில் மாஸ்டரும் இதையேதான் சொன்னார். இன்னுமா?

வேர்வை வந்தா மட்டும் போதாது, காயணும். காய்ந்தால்தான் உடம்பு குளிரும். சென்னைப் புழுக்கத்தில் எங்கே காயறது? வெளியே சொட்டும், உள்ளே சூடு ஏறும். 40 டிகிரியைத் தாண்டி பிள்ளை உளற ஆரம்பிச்சா அது ஹீட் ஸ்ட்ரோக். அமெரிக்கன் ஃபுட்பால் ஆடின கோரி ஸ்டிரிங்கர், 27 வயசு, மலை மாதிரி ஆள். 2001-ல் பயிற்சி முகாமில் இப்படித்தான் சுருண்டு, மறுநாள் போய்ச் சேர்ந்தார்.

தண்ணி கொடுத்துட்டா மட்டும் தீர்ந்துதா? வெயிலுக்கு உடம்பு பழக ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும். லீவு விட்டதும் ஏசி ரூமே கதின்னு கிடந்த பசங்களை முதல் நாளே பத்து ரவுண்டு விரட்டினா எப்படி?

காலையில் ஆறு மணிக்கு வைங்களேன்னு கேட்டேன். "அது பெரியவங்க பேட்ச் சார்" என்றார். அவங்களுக்கு ஃபீஸ் டபுளாம்!

என் பையனை நிறுத்திட்டேன். மற்ற அப்பா அம்மாக்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்து, இளநீர் குடிச்சுக்கிட்டே, "ஓடுறா, ஓடுறா" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.