விதைநெல்லை விற்கும் அணிகள்

2022 மார்ச்சில் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில் ஒரு பெரிய கைமாற்றம் நடந்தது. லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்ற குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனை சியாட்டில் சீஹாக்ஸிடமிருந்து டென்வர் பிராங்கோஸ் பெற்றது. அவருக்காக டிராஃப்டில் முதல் சுற்றுத் தேர்வுகள் இரண்டு, இரண்டாம் சுற்றுத் தேர்வுகள் இரண்டு, ஐந்தாம் சுற்றுத் தேர்வு ஒன்று, கூடவே மூன்று வீரர்கள் என்று அள்ளிக் கொடுத்தது. செப்டம்பரில், அவர் டென்வருக்காக ஒரு லீக் ஆட்டம்கூட ஆடும் முன்பே, 24.5 கோடி டாலருக்கு ஐந்தாண்டு நீட்டிப்பும் எழுதித் தந்தது. அந்த நீட்டிப்பின் முதல் பருவம் தொடங்குவதற்குள், 2024 மார்ச்சில், அவரை வெளியே அனுப்பியது. ஆடாத வீரருக்கான 8.5 கோடி டாலர் இரண்டு ஆண்டுகளின் சம்பளக் கணக்கில் ஏறியது. அதுவரை எந்த அணியும் அவ்வளவு பெரிய வெற்றுச் சுமையைத் தாங்கியதில்லை. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த 8.5 கோடியைக் காட்டித்தான் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால், டென்வரை முடக்கியது அந்தப் பணமல்ல, சியாட்டிலுக்குப் போன தேர்வுகள்தான் என்பது என் வாதம். குவார்ட்டர்பேக்குக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று எண்ணுவதைவிட, அவருக்காக எதை இழந்தார்கள் என்று எண்ணுவதுதான் ஓர் அணியின் எதிர்காலத்தைச் சரியாகக் காட்டும்.

இந்த விளையாட்டின் பொருளாதாரம் இரண்டு விதிகளில் நிற்கிறது. முதலாவது டிராஃப்ட். கல்லூரிகளிலிருந்து வரும் இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு இது, 1936-இல் தொடங்கியது. இன்று 32 அணிகள், ஏழு சுற்றுகள். முந்தைய பருவத்தில் கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்குச் சுற்றின் கடைசி வாய்ப்பு. ஐ.பி.எல். ஏலத்தைப் போல, பிடித்த இளைஞரை விலையை ஏற்றித் தூக்கிவிட முடியாது. முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு அணியின் முறையை விலைக்கு வாங்க வேண்டும். இரண்டாவது, சம்பள உச்சவரம்பு. 1994-இல் ஓர் அணிக்கு 3.46 கோடி டாலராகத் தொடங்கி, 2025-இல் 27.92 கோடியை எட்டியது. இந்த இரண்டையும் இறுகக் கட்டியது 2011-இல் வீரர்கள் சங்கத்துடன் போடப்பட்ட ஒப்பந்தம். அதற்கு முந்தைய ஆண்டு டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுகளுக்கு 7.8 கோடி டாலர் பேசப்பட்டது. 2011-இல் அதே இடத்தில் எடுக்கப்பட்ட கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்குக் கிடைத்தது சுமார் 2.2 கோடிதான். அன்றிலிருந்து, திறமையான இளம் வீரர் ஒருவர் தன் மதிப்பில் சிறு பங்கை மட்டும் வாங்கிக்கொண்டு நான்கு ஆண்டுகள் ஆடுவார் என்பது அணிகளின் கணக்கில் நிலையான வரவாகிவிட்டது.

இதிலிருந்து ஒரு நம்பிக்கை பிறந்தது: குவார்ட்டர்பேக் மலிவாக இருக்கும்போதே கோப்பையைத் தட்டிவிட வேண்டும், பெரிய ஒப்பந்தம் போட்டபின் கதவு மூடிவிடும். ஒவ்வொரு தாக்குதலையும் தொடங்கிவைத்து, பந்து யாருக்குப் போக வேண்டும் என்று இரண்டு மூன்று நொடிகளில் முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். அதனால்தான் அணியிலேயே அதிகச் சம்பளம் அவருக்கு. இந்த நம்பிக்கைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டவரும் இதே வில்சன்தான். 2012-இல் மூன்றாம் சுற்றில், 75-ஆவது ஆளாக எடுக்கப்பட்ட அவர், ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கும் குறைவாக வாங்கிக்கொண்டு 2013 பருவத்தின் சூப்பர் பவுலை சியாட்டிலுக்கு 43-8 என்று வென்று தந்தார். மிஞ்சிய பணத்தில் மற்ற இடங்களை நிரப்ப முடிந்தது உண்மை. ஆனால், டாலஸ் கவ்பாய்ஸைப் பாருங்கள். 2016-இல் நான்காம் சுற்றில் கிடைத்த டாக் பிரெஸ்காட்டை அந்த அணியும் நான்கு ஆண்டுகள் அற்பச் சம்பளத்தில் வைத்திருந்தது. அந்தக் காலத்தில் பிளேஆஃபில் வென்றது ஒரே ஓர் ஆட்டம். மறுபக்கம், 1994-இல் ஸ்டீவ் யங் உச்சவரம்பில் 13.1 விழுக்காட்டைத் தனியாக எடுத்துக்கொண்டும் கோப்பை வென்றார். அதற்கு மேல் வாங்கும் குவார்ட்டர்பேக்கால் வெல்லவே முடியாது என்று நீண்ட காலம் சொல்லப்பட்டது. 2022 பருவத்தில் சுமார் 17 விழுக்காட்டை எடுத்துக்கொண்ட பேட்ரிக் மஹோம்ஸ் கோப்பையைத் தூக்கி அந்தப் பேச்சை முடித்துவைத்தார்.

பணத்தின் காயம் ஏன் ஆறுகிறது? உச்சவரம்பு ஏறிக்கொண்டே போகிறது. 2011-இல் சுமார் 12 கோடி டாலராக இருந்தது 14 ஆண்டுகளில் இரு மடங்கைத் தாண்டிவிட்டது. இன்று பெரிதாகத் தெரியும் ஒப்பந்தம் மூன்றாண்டு கழித்து நடுத்தரமாகிவிடும். கையெழுத்திடும்போது தரும் மொத்தத் தொகையை ஐந்து ஆண்டுகள்வரை பிரித்து எழுதிக்கொள்ள விதி இடம் தருகிறது. அடிப்படைச் சம்பளத்தை அத்தகைய தொகையாக மாற்றிச் சுமையைத் தள்ளிப்போடவும் முடியும். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 2021-இல் தன் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸை அனுப்பியபோது சுமார் 3.4 கோடி டாலர் வெற்றுச் சுமையாக ஏறியது. அன்றைக்கு அதுவே உச்சம். அதே பருவத்தில் அந்த அணி பிளேஆஃபுக்குப் போனது, அடுத்த பருவத்தில் சூப்பர் பவுலில் ஆடியது. டென்வரும் இதற்குச் சாட்சி. வில்சனுக்கான சுமையின் பெரும்பகுதி ஏறிய 2024-இல்தான் அந்த அணி தன் சொந்த முதல் சுற்றுத் தேர்வில், 12-ஆவது ஆளாக, போ நிக்ஸ் என்ற இளம் குவார்ட்டர்பேக்கை எடுத்தது. பத்து ஆட்டங்களில் வென்று, 2015-இல் கோப்பை வென்றபின் முதன்முறையாகப் பிளேஆஃபை எட்டியது. ஐந்து கோடி டாலருக்கு மேல் வீணாகிக்கொண்டிருந்த ஆண்டில் எழுந்து நின்ற அணி, தேர்வுகள் கையில் இல்லாத ஆண்டுகளில் எழ முடியாமல் கிடந்தது.

தேர்வுகளோ பெருகுவதில்லை. ஓர் அணிக்கு ஆண்டுக்கு ஒரு சுற்றுக்கு ஒன்று என்பதுதான் அடிப்படை ஒதுக்கீடு. முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்துவிட்டால் அந்த ஆண்டின் முதல் சுற்று போனது போனதுதான். எந்தக் கணக்குத் திறமையாலும் அதைப் பிரித்து எழுத முடியாது. டிராஃப்டின் அடிப்படை நோக்கமே விழுந்த அணியைத் தூக்கிவிடுவது. தோற்கும் ஆண்டில் கிடைக்கும் முன்வரிசைத் தேர்வுதான் அடுத்த ஆண்டுக்கான விதைநெல். அதை முன்கூட்டியே விற்றவர்களுக்கு என்ன நேர்ந்தது? 2022-இல் டென்வர் 5 வெற்றி, 12 தோல்வி. அதற்குக் கிடைத்திருக்க வேண்டிய ஐந்தாவது தேர்வு சியாட்டிலுக்குப் போய், டெவன் விதர்ஸ்பூன் என்ற தடுப்பாட்டக்காரராக வளர்ந்தது. கரோலினா பாந்தர்ஸ் 2023-இல் பிரைஸ் யங்கை முதல் ஆளாக எடுப்பதற்காக, இருந்த ஒன்பதாவது தேர்வு, இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகள், வீசிய பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களில் தேர்ந்தவரான டி.ஜே. மூர், இவற்றோடு அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வையும் சிகாகோ பேர்ஸுக்குக் கொடுத்தது. அந்தப் பருவத்தில் 17 ஆட்டங்களில் 15-இல் தோற்றது. அந்தப் படுதோல்வியின் பலனான 2024-இன் முதல் தேர்வு சிகாகோவின் கைக்குப் போய், கேலப் வில்லியம்ஸை அங்கே கொண்டுசேர்த்தது. கிளீவ்லாந்து பிரவுன்ஸ் 2022-இல் டெஷான் வாட்சனுக்காக மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளையும் கொடுத்து, 23 கோடி டாலரை முழு உத்தரவாதத்துடன் எழுதித் தந்தது. லீக் விதித்த தடையாலும் காயங்களாலும் மூன்று பருவங்களில் அவர் ஆடியது 19 ஆட்டங்கள். மூன்றாவது பருவத்தில் அணி வென்றது வெறும் மூன்று.

இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ். 2020-இல் மஹோம்ஸுடன் பத்தாண்டுக்கு 45 கோடி டாலர் ஒப்பந்தம் போட்ட அணி, 2022 மார்ச்சில் தன் மின்னல்வேக ரிசீவர் டைரீக் ஹில்லை மயாமிக்கு அனுப்பி ஐந்து தேர்வுகளை வாங்கியது. ரசிகர்கள் கொதித்தார்கள். அந்த ஏப்ரலில் பத்து இளைஞர்கள் அணிக்குள் வந்தார்கள். ஹில்லுக்கு ஈடாகக் கிடைத்த முதல் சுற்றுத் தேர்வை வைத்து வரிசையில் முன்னேறிச் சென்று எடுத்தவர்தான் ட்ரென்ட் மெக்டஃபி. 2023 பிப்ரவரியில் ஈகிள்ஸுக்கு எதிரான இறுதி ஆட்டத்தைக் கூர்ந்து பார்த்தால் இந்தக் கணக்கின் பலன் தெரியும். கடைசிச் சுற்றில், 251-ஆவது ஆளாக எடுக்கப்பட்ட ஐசையா பச்சேகோ 76 கெஜம் ஓடி ஒரு டச் டவுன் போட்டார். நான்காவது பகுதியில் டச் டவுன் போட்ட ஸ்கை மூரும் அந்த ஆண்டு வந்தவர்தான். தடுப்பாட்டத்தின் பின்வரிசையில் முதல் பருவத்து இளைஞர்கள் பலர் இருந்தார்கள். ஆட்டம் 38-35 என்று முடிந்தது. ஹில் இல்லாமல் அடுத்தடுத்து இரண்டு கோப்பைகள். மஹோம்ஸின் சம்பளம் அந்த அணியை முடக்கவில்லை, ஏனென்றால் அவரைச் சுற்றி மலிவான இளைஞர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

அதே சீஃப்ஸை 2025 பிப்ரவரியில் ஈகிள்ஸ் 40-22 என்று வீழ்த்தியதும் இதே வழியில்தான். ஈகிள்ஸின் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸும் மலிவானவர் அல்லர். 2023-இல் ஐந்தாண்டுக்கு 25.5 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றவர். ஆனால், வென்ட்ஸை அனுப்பியதால் கிடைத்த முதல் சுற்றுத் தேர்வை, பொதுமேலாளர் ஹோவி ரோஸ்மன் நியூ ஆர்லியன்ஸுடன் செய்த பெரிய பரிமாற்றத்தில் சேர்த்து அடுத்த ஆண்டுக்கான ஒரு முதல் சுற்றுத் தேர்வாக மாற்றினார். அதுவே 2023-இல் ஜேலன் கார்ட்டர் என்ற தடுப்புவரிசைப் பலசாலியாக வந்து சேர்ந்தது. தோற்றுப்போன ஒரு குவார்ட்டர்பேக் ஒப்பந்தத்திலிருந்துகூட விதை எடுத்துப் போட்ட அணி அது. இறுதி ஆட்டத்தில் மஹோம்ஸ் ஆறு முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். அவரை விரட்டியவர்களில் ஜாஷ் ஸ்வெட் நான்காம் சுற்றில், மில்டன் வில்லியம்ஸ் மூன்றாம் சுற்றில் ஈகிள்ஸே எடுத்து வளர்த்தவர்கள். இரண்டாம் பகுதியில் மஹோம்ஸின் வீச்சைப் பறித்து 38 கெஜம் ஓடி டச் டவுன் போட்டவர், முந்தைய ஏப்ரலில் இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்ட கூப்பர் டிஜீன்.

இதற்கு வலுவான மறுப்பு லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ். 2021-இல் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள், ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வு, தன் குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப் என்று டெட்ராய்ட் லயன்ஸுக்குக் கொடுத்து மாத்யூ ஸ்டாஃபர்டை வாங்கியது. அதே பருவத்தில் கோப்பையையும் வென்றது. கோப்பை கோப்பைதான், அந்த நகரத்து ரசிகர்களிடம் அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று யாரும் கேட்க முடியாது. ஆனால், அந்த அணியின் தூண்களான ஆரன் டொனால்டும் கூப்பர் கப்பும் டிராஃப்டில் வந்தவர்கள். ஏனைய இடங்கள் நிரம்பியபின் ஒரு குறையை மட்டும் தீர்க்க ராம்ஸ் தேர்வுகளைச் செலவிட்டது. டென்வரும் கரோலினாவும் கட்டி முடிக்காத வீட்டுக்காகச் செலவிட்டன. அப்படியும் ராம்ஸ் விலை கொடுத்தது. அடுத்த பருவத்தில் 5 வெற்றி, 12 தோல்வி. அதற்கான ஆறாவது தேர்வு டெட்ராய்டிடம் இருந்தது. டெட்ராய்ட் அதைக் கொடுத்து வரிசையில் பின்வாங்கிக் கூடுதல் தேர்வு பெற்று, ஜமீர் கிப்ஸையும் சாம் லபோர்ட்டாவையும் சேர்த்துக்கொண்டு, 2023-இல் சூப்பர் பவுலுக்கு ஒரு படி கீழே வரை ஏறியது.

இன்னொரு மறுப்பும் உண்டு: டிராஃப்ட் வெறும் அதிர்ஷ்டம், உறுதியான ஒரு குவார்ட்டர்பேக்குக்காக உறுதியில்லாத தேர்வுகளைக் கொடுப்பதில் என்ன தவறு? டிராஃப்டில் நிச்சயமில்லை என்பது உண்மை. கேட் மாஸியும், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும் நடத்திய ஆய்வு இதை அளந்து காட்டியது. ஒரே இடத்தில் ஆடும் இருவரில் முன்னால் எடுக்கப்பட்டவர், அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறந்து விளங்கும் வாய்ப்பு 52 விழுக்காடுதான். அப்படியானால் முடிவு நேர் எதிராக அல்லவா இருக்க வேண்டும்? யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதபோது, ஒரே ஆள்மீது எல்லாவற்றையும் குவிப்பதைவிடப் பல பேரை முயன்று பார்ப்பதே புத்தி. சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் 2021-இல் ட்ரே லான்ஸுக்காக மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைச் செலவிட்டது. அவர் அந்த அணிக்காகத் தொடக்க வீரராக இறங்கியது நான்கே ஆட்டங்களில். அடுத்த ஆண்டு டிராஃப்டின் கடைசி ஆளாக, 262-ஆவதாக எடுத்த பிராக் பர்டி அணியைச் சூப்பர் பவுல்வரை அழைத்துச் சென்றார். அந்தத் தவறை அணி தாங்கியது ஜார்ஜ் கிட்டில், ஃப்ரெட் வார்னர் போன்றவர்களை ஐந்தாம், மூன்றாம் சுற்றுகளில் முன்பே எடுத்து வைத்திருந்ததால்தான்.

இந்தக் கணக்கில் ஓர் அநீதி இருப்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. தேர்வுகளுக்கு இவ்வளவு மதிப்பு வருவதற்குக் காரணம், இளம் வீரர்களுக்குக் குறைவாகக் கொடுக்க விதி அனுமதிப்பதுதான். சூப்பர் பவுல் ஆடிய பருவத்தில் பர்டியின் சம்பளம் பத்து லட்சம் டாலரைத் தொடவில்லை. மூன்று பருவங்கள் முடியும்வரை ஒப்பந்தத்தைத் திருத்தவும் முடியாது. உடம்பை மோதவிட்டு ஆடும் இந்த விளையாட்டில், அடுத்த ஒப்பந்தம் வரும்வரை முழங்கால் தாங்கும் என்று எவருக்கும் உறுதியில்லை. பர்டிக்கு 2025-இல் பெரிய ஒப்பந்தம் கிடைத்தது. அதுவரை ஆட முடியாமல் போன இளைஞர்கள் ஏராளம். களத்தில் தன்னை நிரூபித்தவருக்கு இரண்டாம் ஆண்டிலேயே சம்பளம் உயர வழி வேண்டும் என்று வீரர்கள் சங்கம் அடுத்த பேச்சுவார்த்தையில் கேட்பது நியாயம். அப்படி உயர்ந்தாலும் என் வாதம் மாறாது. தேர்வின் லாபம் கொஞ்சம் குறையும், ஆனால் அணியை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வேலையைத் தேர்வுகளைத் தவிர வேறெதுவும் செய்யாது.

ஆகவே, ஒரு குவார்ட்டர்பேக்குக்கு இத்தனை கோடியா என்று வாய்பிளப்பதை விட்டுவிட்டு, அணி உரிமையாளர்களும் ரசிகர்களும் வேறு மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இவரைத் தவிர மற்ற இடங்கள் நிரம்பியிருக்கின்றனவா? அடுத்த ஆண்டு நாம் தோற்றால், அந்தத் தோல்வியின் தேர்வு நம் கையில் இருக்குமா? இவர் தவறிப்போனால் இன்னொருவரை முயன்று பார்க்க வழி மிஞ்சியிருக்குமா? தன்னிடமே வளர்ந்த நல்ல குவார்ட்டர்பேக்குக்குச் சந்தை விலையைக் கொடுப்பதில் தவறில்லை; கொடுத்துவிட்டுத் தேர்வுகளை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்று கேள்விகளுக்கும் இல்லை என்று பதில் வரும் அணியின் பொதுமேலாளர் முதல் சுற்றுத் தேர்வை மேசைமேல் வைக்கும்போது, அவரைத் தடுக்க வேண்டியது உரிமையாளரின் கடமை.